விழுந்தவனை எழுப்பிய கைகள்

“யாரு என் காலத் தூக்கிப் புடிச்சிக்கினு இருக்கிறது? இறக்கி விடச் சொல்லு” என்றான் அண்ணன்.

காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையின் நடைபாதை. ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்தான். யாரும் அவன் காலைப் பிடித்திருக்கவில்லை. இரண்டு கால்களும் நீட்டியபடி இருந்தன. பாதங்களில் மரத்தூள் ஒட்டியிருந்தது. நான் அதைத் தட்டிவிட்டேன். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“இன்னும் இறக்கலியே” என்றான்.

அவன் நினைப்பில் அவனுடைய கால்கள் இன்னமும் அவன் ஏறிய மரத்தின் கிளையைக் கவ்விக்கொண்டிருந்தன. தண்டுவடத்தில் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) அடிபட்ட சிலருக்கு இப்படித் தோன்றும் என்று பின்னால் மருத்துவர் சொன்னார். அடிபடுவதற்குச் சற்று முன் கால்கள் எப்படி இருந்தனவோ அந்த நிலையையே மூளை பிடித்து வைத்திருக்குமாம். அன்று எனக்கு அது தெரியாது. வலியில் உளறுகிறான் என்று நினைத்தேன்.

அண்ணன் பெயர் ஏழுமலை. மரம் ஏறிக் கிளை வெட்டுவது அவன் தொழில். அப்பா கன்னியப்பனுக்கும் அதே தொழில்தான். வயது ஏறியதும் அப்பா கீழே நின்றுவிட்டார். அண்ணன் மேலே. வெட்டிய கிளை யார் தலையிலும் கூரையிலும் விழாதபடி கயிற்றில் கட்டி இறக்குவது அப்பாவின் வேலை. மின்கம்பியில் உரசும் கிளை, ஓட்டின் மேல் சாயும் கிளை, சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் வீதியில் தாழ்ந்து நிற்கும் கிளை என்று வருடம் முழுக்க அழைப்பு வரும். தேரும் குடையும் இடிக்காமல் போகிற அளவுக்கு வெட்ட வேண்டும், நிழலும் போய்விடக் கூடாது. அதற்கு ஏழுமலையைக் கூப்பிடு என்பார்கள்.

அன்றும் அப்படித்தான். திருவிழாவுக்கு முன், ஒரு தூங்குமூஞ்சி மரம். முந்தின நாள் மாலை மழை பெய்திருந்தது. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற இடுப்புக் கயிற்றை அவிழ்த்திருக்கிறான். கால் வைத்த கிளை முறிந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நான் பட்டம் வாங்கிய அன்று என் பட்டமளிப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு அண்ணன் தெருமுழுக்க நடந்தான். அதிலிருந்து என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவான். அவனைச் சென்னையில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றியபோது, மருத்துவர்கள் என்னைத்தான் தனியாக அழைத்துப் பேசினார்கள். அப்பாவும் அம்மாவும் நடைபாதைச் சுவரோரம் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஒரு கேள்வி வரும்வரை.

“கீழ விழுந்த உடனே கால அசைச்சாராம்மா?” என்று கேட்டார் மருத்துவர். என்னைவிடச் சில வயதே மூத்த பெண்.

எனக்குத் தெரியவில்லை. அண்ணனிடம் போய்க் கேட்டேன். கழுத்தில் பட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின.

“அசைஞ்சுது. கட்டைவிரல்ல ஒரு எல ஒட்டிக்கினு இருந்துச்சு. அத உதறுனேன்.”

“அப்புறம்?”

“அப்பா தூக்கி நிக்க வெச்சாரு. அப்பதான் முதுகுல என்னமோ நழுவுன மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் கால் எங்க இருக்குதுன்னே தெரியல.” கண்களை வாசல் பக்கம் ஓட்டினான். “டாக்டர்கிட்ட சொல்லு. அப்பாகிட்ட சொல்லாத.”

மரம் ஏறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. மரத்திலிருந்து விழுந்தவனை அந்த மரத்தடியில் படுக்க விட மாட்டார்கள். உடனே கக்கத்தில் கை கொடுத்து எழுப்பி நிற்க வைப்பார்கள். அவன் உள்ளங்கையை அடிமரத்தில் பதிய வைப்பார்கள். பிறகுதான் தண்ணீர், பிறகுதான் காயம் பார்ப்பது. இல்லாவிட்டால் பயம் உடம்பில் உட்கார்ந்துகொள்ளும், திரும்ப மரம் ஏற மாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்பாவை அவருடைய கூட்டாளிகள் அப்படி எழுப்பியிருக்கிறார்கள். அவரும் பலரை எழுப்பியிருக்கிறார். எல்லாரும் கை கால் உதறிக்கொண்டு நடந்து போனவர்கள்.

அண்ணன் விழுந்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு முதலில் ஓடியவர் அப்பாதான். நிற்க முடியாமல் துவண்ட பிள்ளையைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்து மரத்தில் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

“உறுதியா சொல்ல முடியாதும்மா. விழுந்ததுலயே எலும்பு நொறுங்கியிருக்கு. ஆனா விரல் அசைஞ்சுதுன்னா தண்டுவடம் முழுசா போகலைன்னு அர்த்தம். நிக்க வெச்சப்ப உடைஞ்ச எலும்பு நகர்ந்து அழுத்தியிருக்கலாம்.” பிறகு, “யாரு தூக்கினது?” என்று கேட்டார்.

“எங்க அப்பா.”

அவர் கதவுக்கு வெளியே பார்த்தார். அப்பா எங்களைப் பார்த்து லேசாகக் கும்பிட்டார்.

முதுகில் கம்பியும் திருகாணியும் வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு காத்திருக்கச் சொன்னார்கள். ‘ஸ்பைனல் ஷாக்’ (அடிபட்ட தண்டுவடம் கொஞ்ச காலம் முழுக்க அடங்கிக் கிடப்பது) விலகினால்தான் எது திரும்பும், எது திரும்பாது என்று தெரியும் என்றார்கள். இந்தக் காத்திருப்பில் இருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். காலையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பார்க்கப் பார்க்கப் போர்வை அசைகிற மாதிரியே தெரியும். அம்மா தினமும் ஒருமுறையாவது “அசையுது அசையுது” என்று என் கையைப் பிடிப்பாள். மின்விசிறிக் காற்றில் போர்வை அசைந்திருக்கும்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பா நடந்ததைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் கடைசி வாக்கியம் ஒன்றுதான். “நான் வுடலியே. ஒடனே எழுப்பி நிக்க வெச்சு மரத்தத் தொட வெச்சுட்டேன். அதனாலதான் புள்ள உசுரோட இருக்குறான்.” அண்ணன் கண்ணை மூடிக்கொள்வான். தூங்குகிறான் என்று எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள்.

கால்கள் திரும்பவில்லை. பாராப்ளீஜியா (இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் செயலும் உணர்வும் இழப்பது) என்ற சொல்லை மருத்துவர் என்னிடம் சொன்னார். நான் அதை வீட்டு மொழியில் அப்பாவிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் சின்னதாகவே இருந்தது. “இனிமே நடக்க மாட்டான்பா.” அப்பா தலையை ஆட்டினார். “நடக்கலன்னா என்னமா. இருக்குறானே” என்றார்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த காலையில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கச் சேலை நெசவுக்கான பாவு (தறியில் ஏற்றும் நீள இழைகள்) விரித்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரைக் கண்டதும் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து இரண்டு பக்கமும் நின்று அவ்வளவு நீளப் பட்டு இழைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். அதன் அடியில் அண்ணனைக் கொண்டுபோனோம். அவன் மல்லாந்தபடியே பார்த்துக்கொண்டு வந்தான்.

“மாம்பழக் கலர்” என்றான். “நல்லாருக்குது. யாரு கட்டப் போறாளோ.”

அதுதான் விழுந்ததற்குப் பிறகு அவன் பேசிய முதல் சாதாரணப் பேச்சு. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது பற்றி எழுதினால் கூச்சப்பட வைக்கும் விஷயங்கள் நிறைய வரும். கூச்சப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள். கதீட்டர் (சிறுநீர் வெளியேறுவதற்கான மெல்லிய குழாய்) மடங்காமல் பார்க்க வேண்டும். மலம் கழிக்க வைக்க வேண்டும். என் அண்ணனுக்கு முதல் முறை நான் அதைச் செய்தபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, “மேடம், இதுக்கு எத்தன வருசம் படிச்சீங்க?” என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு இருவரும் அழுதோம். அதற்குப் பிறகு எங்களுக்கு அது வேலையாகிவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியம், புரட்டிப் படுக்க வைப்பது. உணர்வில்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் தோல் செத்துப் படுக்கைப் புண் வரும். அது எலும்புவரைக்கும் போகும், உயிரையும் எடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து, முதுகு முறுக்காமல், உடம்பு மொத்தமும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும்.

அப்பாவுக்கு அது ஒரே நாளில் வந்துவிட்டது. எடையைத் தடாலென்று விடாமல் இறக்கிப் பழகிய கைகள். அண்ணனின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்து, மூச்சை ஒருமுறை இழுத்து, சத்தமில்லாமல் திருப்பிவிடுவார். தன்னுடைய ஏறு கயிற்றையே கூரை உத்தரத்தில் கட்டி, அண்ணன் பிடித்து மேலுடம்பைத் தூக்கிக்கொள்ள ஒரு வளையமும் செய்து தொங்கவிட்டார். பிசியோதெரபிஸ்ட் (தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் பயிற்சி தருபவர்) அதைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இப்படியே போயிருக்கும். அண்ணனும் நானும் அந்த ஒரு விஷயத்தை அப்பாவிடமிருந்து மறைத்தே காலத்தைக் கடத்தியிருப்போம். தெரிந்து என்ன ஆகப் போகிறது என்பது அண்ணனின் வாதம். எனக்கும் வேறு வாதம் இருக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து உற்சாகமாக வந்தார். வெகுநாளைக்குப் பிறகு அவரை அப்படிப் பார்த்தோம். அவருடன் வேலை செய்கிற ரவி மாமா ஒரு வேப்பமரத்திலிருந்து வழுக்கி விழுந்துவிட்டாராம். அதிக உயரமில்லை. மணிக்கட்டு மட்டும் பிசகியிருந்தது.

“சுத்தி நின்னுக்கினு வேடிக்க பாக்குறானுங்க. நான்தான் ஓடுனேன்” என்றார் அப்பா. “கக்கத்துல கை குடுத்து ஒரே தூக்கு. மரத்தத் தொட வெச்சேன். நடந்தே போயி டீ குடிக்கிறான்.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கயிற்று வளையத்தைப் பிடித்து எழுந்து சாய்ந்து உட்கார்ந்தான்.

“யப்பா, இங்க வா. உக்காரு.”

அப்பா கட்டிலோரத்தில் உட்கார்ந்தார்.

“இனிமே யாரு வுழுந்தாலும் தூக்காத.”

“ஏண்டா?”

“முதுகு ஒடஞ்சிருந்தா, தூக்குனா நரம்பு போயிடும். படுத்தாப்லயே வுடணும்.”

அப்பா சிரிக்கப் பார்த்தார். “யார்ரா சொன்னது? ஒன்ன தூக்கலியா நானு...” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் படித்தவள். நான் இல்லையென்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். என்னால் முடியவில்லை. மறைத்தால் அப்பா அடுத்த முறையும் தூக்குவார்; ரவி மாமாவின் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

“வுழுந்தப்ப கால் ஆடுச்சா?” என்று அண்ணனிடம் கேட்டார்.

“கட்டைவிரல் ஆடுச்சுப்பா.”

“எந்தக் கால்ல?”

“வலது.”

அப்பா அந்தக் காலைப் பார்த்தார். விரலைத் தொடக் கையை நீட்டினார். தொடவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை, விழுந்ததிலேயே போயிருக்கலாம் என்று நான் ஏதேதோ சொன்னேன். அவர் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. எழுந்து பின்பக்கம் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அப்பா அண்ணனைத் தொடவில்லை. வீட்டிலேயே இருப்பார். கட்டிலுக்கு அருகில் வர மாட்டார். புரட்டுகிற நேரம் வந்தால் வெளியே போய்விடுவார். அம்மாவும் நானும் புரட்டினோம். என்னதான் கற்றுக்கொண்டிருந்தாலும் எங்களுக்குக் கை போதவில்லை. தோள் திரும்பினால் இடுப்பு திரும்பாது. விரிப்பில் இழுபடுவான். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, “பரவால்ல, பரவால்ல” என்பான். நான் வேலைக்குப் போன பிறகு அம்மா தனியாகப் போராடுவாள். ஒரு காலை அவன் முதுகின் அடியில், வால் எலும்பின் மேல், ஒரு சிவப்புத் தடம் பார்த்தேன். விரலால் அழுத்தினேன். அழுத்தினால் வெளுக்க வேண்டிய சிவப்பு வெளுக்கவில்லை. அப்படியே நின்றது. படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் அதுதான்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். “நீங்க தொடலன்னா அவன் செத்துடுவான்பா.” கடுமையாகத்தான் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் வரை வரவில்லை. ரவி மாமாதான் முதலில் வந்தார், கையில் கட்டோடு. தெருவாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மரம் வெட்டுகிறவர்கள் வேலைக்காகக் கூடுகிற டீக்கடை ஒன்று உண்டு. அப்பா அங்கே போய் எல்லார் முன்னாலும் நின்றிருக்கிறார். விழுந்தவனைத் தூக்காதீர்கள் என்றிருக்கிறார். ஒருவர், “நீயே எங்கள எத்தினி பேர தூக்கிவுட்ட, இப்ப இன்னா புதுசா?” என்று கேலி செய்திருக்கிறார்.

“என் புள்ளையத் தூக்கினேன். நானே முடமாக்கிட்டேன்” என்றாராம் அப்பா. கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவரை உட்கார வைத்தாராம்.

“தப்பா நெனைக்காதம்மா,” என்றார் ரவி மாமா. “ஏழுமல எடத்துல நான் வுழுந்திருந்தாலும் தூக்கித்தான் இருப்பாங்க. நாங்க எல்லாரும் தூக்குனவங்கதான்.”

அதனால்தான் இதை எழுதுகிறேன். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, “எழுது. என் பேரையும் போடு” என்றார் அப்பா. போட்டிருக்கிறேன்.

உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் எழுப்பாதீர்கள். உட்காரவும் வைக்காதீர்கள். தண்ணீர் புகட்டத் தலையைத் தூக்காதீர்கள். கழுத்து அசையாமல் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமானால் பலகையில், பலர் சேர்ந்து, உடம்பு ஒரே கட்டையாக இருக்கும்படி நகர்த்துங்கள். பயம் போக வேண்டுமென்றால் படுத்திருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது போதும்.

அன்று அப்பா வீடு திரும்பியதும் அண்ணன் கூப்பிட்டான்.

“யப்பா, முதுகு எரியுது. திருப்பு.”

அங்கே அவனுக்கு எரிய வழியில்லை. அது அப்பாவுக்கும் தெரியும். வாசலிலேயே நின்றார்.

“நீ திருப்புனாதான் நேரா திரும்புறேன்” என்றான் அண்ணன். “அம்மா திருப்புனா ஆட்டோ திரும்புற மாதிரி இருக்குது.”

“ஆமாண்டா, சொல்லுவ” என்றாள் அம்மா.

அப்பா வந்தார். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. மூச்சை இழுத்தார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான், எங்கும் இழுபடாமல். அப்பா கையை உருவாமல் அப்படியே நின்றார்.

“கை எங்க இருக்குது இப்ப?” என்று கேட்டான் அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

“இடுப்புக்கிட்ட.”

“சரி. கீழ போ.”

அப்பா கட்டிலோரம் உட்கார்ந்து கால்களைப் பிடித்துவிடத் தொடங்கினார்.

“இப்ப?”

“முட்டி.”

“ம்.”

இப்போது எங்கள் வீட்டில் தினமும் இது நடக்கிறது. சிவப்புத் தடம் ஆறிவிட்டது. அண்ணன் உடம்பில் பாதி அவனுக்குத் தெரியாது. அப்பா சொல்லித்தான் தெரியும். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று நாங்கள் சொல்வதே குறைந்துவிட்டது. வலப்பக்கம் படுத்திருக்கும் நேரம், இடப்பக்கம் படுத்திருக்கும் நேரம், அவ்வளவுதான். நடுவில், கால் பிடித்துவிடுவதற்கென்று ஒதுக்கிய கொஞ்ச நேரத்தில், அப்பாவின் குரல் முட்டியைத் தாண்டிக் கணுக்காலுக்கு இறங்கிப் பாதத்துக்கு வரும். அங்கே வந்ததும் நின்றுவிடும்.

“இப்ப எங்கப்பா?” என்று அண்ணன் கேட்பான்.

அண்ணன் அவசரப்படுத்த மாட்டான். கேட்டுவிட்டுக் காத்திருப்பான்.

“கட்டைவிரல்” என்பார் அப்பா.